ஹோமை விட்டு வரும் பிள்ளைக்கு யார் ஜாமீன்?

ஆவடிக்கு மேற்கே, இந்துக் கல்லூரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது சேக்காடு. அங்கே ஓர் அறையும் சமையலறையும் கொண்ட சின்ன போர்ஷனுக்கு மாத வாடகை 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சென்னைப் பக்கத்து வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் என்றால் 50,000 ரூபாய். 2017-இல் இயற்றி 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அது செல்லும் என்றும் அதே சட்டம் வழி விட்டிருக்கிறது. தலைக்கு மேல் கூரை தேடி வந்தவர் ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வார்? எப்படியோ பணத்தைப் புரட்டிக்கொண்டு வந்தாலும் வீட்டுக்காரரின் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "சொந்த ஊர் எது தம்பி? அப்பா என்ன பண்றாரு?"

பதினெட்டு வயதுவரை குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர்கள் திணறிப்போகும் இடம் இதுதான். 'ஹோம்ல வளர்ந்தவன்' என்று சொன்னால் வீடு கிடைக்காது என்கிற அச்சத்தில் இல்லாத சித்தப்பாவை உண்டாக்கிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவர்கள் ஒன்றிரண்டு பேர் அல்ல. மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்துக்காக நடந்த கணக்கெடுப்பு ஒன்றின் அறிக்கை 2018-இல் வெளிவந்தது. நாடு முழுவதும் 9,589 இல்லங்கள், அவற்றில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் என்றது அது. இல்லங்களின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முன்வரிசையில் நின்றது. அந்தப் பிள்ளைகள் எல்லாரும் தாய் தந்தை இல்லாதவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஒற்றைப் பெற்றோர், வறுமை, குடி, நோய், பிரிவு என்று பல காரணங்களால் இல்லத்துக்கு வந்தவர்கள் நிறைய. மேலை நாடுகளில் அரசுப் பொறுப்பில் வரும் பிள்ளையை வளர்ப்புக் குடும்பத்தில் வைப்பதே பெருவழக்கு. நம்மூரில் அது இன்னும் சிறு ஓடைதான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஹோம்தான் வீடு.

சென்னையின் மேற்குப் புறநகர் இந்த விஷயத்தில் பழக்கப்பட்ட மண். வித்யாகர் 1983-இல் தொடங்கிய உதவும் கரங்கள் திருவேற்காட்டில் வேரூன்றியது. திருநின்றவூர் அருகே கசுவா கிராமத்தில், வி. முரளிதரன் 1988-இல் தொடங்கிய சேவாலயா பள்ளியோடும் தொழிற்பயிற்சியோடும் இயங்குகிறது. இவை தவிரச் சிறிதும் பெரிதுமாகப் பல இல்லங்கள். அதே வட்டாரத்தில்தான் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் படைத்துறை உடைத் தொழிற்சாலையும் இருக்கின்றன. பட்டாபிராமில் 2024-இல் டைடல் பார்க் திறந்தாயிற்று. அம்பத்தூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. கைத்தொழில் தெரிந்த பதினெட்டு வயதுக்காரருக்கு இந்தப் பக்கம் வேலை கிடைப்பது மலையேறும் காரியம் அல்ல. கிடைத்த வேலையில் ஆறு மாதம் ஊன்றி நிற்பதுதான் கடினம். தங்க இடம், முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடு, காய்ச்சல் வந்தால் பார்க்க ஆள், வங்கியில் கையெழுத்துப் போட ஒரு பெரியவர் ஆகிய நான்கும் இல்லாததால் வேலையை விட்டவர்கள்தான் ஏராளம்.

சட்டம் இதை அறியாததல்ல. இந்தியாவிலேயே முதன்முதலில் குழந்தைகளுக்கென்று சட்டம் இயற்றிய மாகாணம் சென்னை, ஆண்டு 1920. இல்லத்தை விட்டு வருபவர்களுக்கான 'பிற்காப்பு' 1986, 2000, 2015 ஆகிய மூன்று இளைஞர் நீதிச் சட்டங்களிலும் உண்டு. 2015 சட்டத்தின் 46-ஆம் பிரிவு, பதினெட்டு முடித்து இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளைக்குச் சமூகத்தில் கலந்து வாழ நிதியுதவி தரலாம் என்கிறது. 2016-இல் வந்த மாதிரி விதிகள் இன்னும் விரிவாகப் பேசுகின்றன. 21 வயதுவரை உதவி. தேவை இருந்தால் 23 வரை நீட்டிக்கலாம். ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து வாழத் தற்காலிகக் குழுவீடு. தொழிற்பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, மேற்படிப்புக்குக் கல்வி உதவி, தொழில் தொடங்கக் கடன், பேசி வழிகாட்ட ஓர் ஆலோசகர். படிக்கும்போது குறை சொல்லத் தோன்றாத பட்டியல் இது.

குறை இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, 46-ஆம் பிரிவு அரசுக்கு அனுமதிதான் தருகிறது, கட்டாயம் விதிக்கவில்லை. பணம் இருந்தால், அலுவலருக்கு மனம் இருந்தால், பிள்ளைக்கு விண்ணப்பிக்கத் தெரிந்திருந்தால் கிடைக்கும். கிடைக்காதவர் உரிமை கோரி வாதாட அதில் பிடிமானம் குறைவு. இரண்டு, சட்டத்தின் வரையறையே நிறுவனப் பராமரிப்பை விட்டு வருபவர்களைத்தான் குறிப்பிடுகிறது. வளர்ப்புக் குடும்பத்தில் வளர்ந்து பதினெட்டை எட்டியவர் அந்த வரையறைக்குள் நேரடியாக வருவதில்லை. 'பிள்ளைகளை நிறுவனத்தில் வைக்காதீர்கள், குடும்பத்தில் வளருங்கள்' என்று அதே அரசு வலியுறுத்துகிறது. பிற்காப்பு என்று வரும்போது அந்தக் குடும்பப் பிள்ளையைச் சட்டம் வாசலில் நிறுத்திவைப்பது திருத்தப்பட வேண்டிய பிழை.

இனி பணக் கணக்கு. ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவுக்கு 2022-இல் வெளிவந்த நெறிமுறைகளின்படி பிற்காப்பு உதவி மாதம் 4,000 ரூபாய். முன்பு இருந்த தொகைகளோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம்தான், மறுக்க வேண்டியதில்லை. அரசு ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு 2022-இலிருந்து புதுமைப் பெண், பையனுக்கு 2024-இலிருந்து தமிழ்ப் புதல்வன். இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். பொறியியல், மருத்துவம் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் பிடித்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. எல்லாவற்றையும் ஒருங்கே பெற்றுவிட்ட பிள்ளை தட்டுத் தடுமாறியாவது படித்து முடித்துவிடும்.

ஆனால் மாதாமாதம் வரும் தொகையால் அட்வான்ஸ் கொடுக்க முடியாது. பாய், தலையணை, அடுப்பு, நான்கு பாத்திரம், வேலைக்குப் போக இரண்டு சட்டை, ஒரு கைபேசி எல்லாமே முதல் வாரத்தில் வேண்டும். குடும்பத்தில் வளர்ந்தவருக்கு இந்தச் செலவு கண்ணில் படுவதே இல்லை. அம்மா ஒரு குக்கரைக் கட்டிக் கொடுத்து அனுப்புவார், மாமா தன் பழைய சைக்கிளைத் தருவார். இங்கிலாந்தில் இதற்கென்றே 'வீடு அமைக்கும் தொகை' இருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகள் அதை 2,000 பவுண்டிலிருந்து 3,000 பவுண்டாக உயர்த்த வேண்டும் என்று 2023-இல் முடிவானது. தமிழ்நாட்டுப் பிற்காப்பில் அவசரமாக வேண்டியது இப்படி ஒரு தொடக்கத் தொகைதான். அட்வான்ஸை அரசே வீட்டுக்காரருக்கு வைப்பாகச் செலுத்தி, காலி செய்யும்போது திரும்பப் பெற்று அடுத்த பிள்ளைக்குப் பயன்படுத்தினால் கஜானாவுக்குப் பெரிய நட்டமும் இல்லை.

மொத்தத் தொகை தரும் பழக்கம் நம் அரசுகளுக்குப் புதிதல்ல என்பதற்குக் கோவிட் காலமே சாட்சி. 2021 மே மாதத்தில் ஒன்றிய அரசும் தமிழ்நாடு அரசும் ஒரே சமயத்தில் ஆளுக்கொரு திட்டத்தை அறிவித்தன. தாய் தந்தை இருவரையும் கொரோனாவுக்குப் பறிகொடுத்த பிள்ளையின் பெயரில் தமிழ்நாடு 5 லட்சம் ரூபாய் வைப்பு வைக்கும், பதினெட்டு முடிந்ததும் வட்டியோடு கொடுக்கும். ஒன்றிய அரசின் திட்டம் வேறு மாதிரி: பதினெட்டு முதல் 23 வரை மாத உதவித்தொகை, 23 வயதில் 10 லட்சம் ரூபாய். இரண்டும் நல்ல திட்டங்கள். பிள்ளையின் வயதை வைத்துப் பார்த்தால் இரண்டாவதன் அமைப்பே மேல். பதினெட்டாம் பிறந்தநாளில் ஐந்து லட்சம் கைக்கு வந்தால் அதுவரை எட்டிப் பார்க்காத உறவுகள் தேடி வரும், பைக் ஷோரூம் கண்ணைப் பறிக்கும். அதைக் காட்டிலும் உறுத்தலானது வேறொன்று. ஒரே ஹோமில், ஒரே பாயில் படுத்து வளர்ந்த இருவரில் கொரோனாவில் பெற்றோரை இழந்தவருக்கு லட்சங்கள் இருக்கின்றன. காசநோயிலோ விபத்திலோ இழந்தவருக்கு அந்த வைப்பு இல்லை. அநாதையாவதில் இந்தக் காரணம் உசத்தி, அந்தக் காரணம் மட்டம் என்று உண்டா? தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம் காரணம் பார்க்காமல் மாதம் 2,000 ரூபாய் தருகிறது. ஆனால் அது பதினெட்டு வயதுவரையிலான பள்ளிப் பருவத்துக்கான உதவி.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு விநோதமான ஏற்றத்தாழ்வு இருக்கிறது. அன்னை தெரசா பெயரிலான திருமண நிதியுதவித் திட்டம், ஆதரவற்ற பெண்ணின் கல்யாணத்துக்கு 8 கிராம் தங்கமும் 25,000 ரூபாயும் வழங்குகிறது. பட்டமோ பட்டயமோ பெற்றவருக்கு 50,000. தாலிக்கு அரசிடம் தங்கம் இருக்கிறது. தனியாக ஒரு வீடு எடுத்து, வேலைக்குப் போய், மூன்று வருடம் கழித்துக் கல்யாணத்தைப் பற்றி யோசிக்கிறேன் என்று சொல்லும் பெண்ணுக்கு அதற்கு ஈடாக நிலையான ஒரு தொகை இல்லை. திருமணத்தை மறுவாழ்வாக எண்ணும் பழைய மனப்பான்மை பல இல்லங்களிலும் தொடர்கிறது. 'நல்ல இடம், முடிச்சுடலாம்' என்று பத்தொன்பது வயதில் கட்டி வைக்கப்படும் பெண், அந்த வீட்டில் அடி உதை என்றால் திரும்பி வர ஒரு தாய்வீடு இல்லாதவள். இதை நினைத்தாவது அவளுக்கு முதலில் சம்பாத்தியம், பிறகுதான் மாங்கல்யம் என்ற முறையை இல்லங்கள் கைக்கொள்ள வேண்டும். வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு தொடங்கிய தோழி விடுதிகள் இதற்குக் கைகொடுக்கக்கூடியவை. பையன்களுக்கு அப்படியும் ஒன்று இல்லை. அவர்களுக்கு மேன்ஷன்தான்.

அரசின் சொந்தப் பிற்காப்பு இல்லங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். பெண்களுக்கு வேலூரிலும் ஆண்களுக்குச் செங்கல்பட்டை அடுத்த ஆத்தூரிலும் அவை உண்டு. அம்பத்தூரில் ஷிஃப்ட் வேலை கிடைத்த பையன் ஆத்தூரில் தங்கி எப்படி வந்து போவான்? மேலும், ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்கு மாறுவதால் தனியாக வாழும் பழக்கம் வந்துவிடாது. விதியிலேயே சொல்லப்பட்டிருக்கும் ஆறு பேர் குழுவீடுதான் சரியான வழி. சேக்காட்டிலோ திருமுல்லைவாயிலிலோ ஒரு மாடி வீடு எடுத்து ஆறு பேரைக் குடியமர்த்தினால் வாடகை பங்காகிவிடும். ஒருவர் சமைப்பார், ஒருவர் கடைக்குப் போவார், மின்கட்டண ரசீதைப் பார்த்துச் சண்டையும் போடுவார்கள். அந்தச் சண்டையும் கற்றலில் சேர்ந்ததே.

இதற்குக் குறுக்கே நிற்கும் நிர்வாகச் சிக்கல் ஒன்று இந்த வட்டாரத்துக்கே உரியது. ஆவடியும் சேக்காடும் திருவேற்காடும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். அம்பத்தூர் 2018-இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டது. ரயிலில் சில நிலையங்கள் தள்ளி வேலைக்குப் போகும் பிள்ளை வேறொரு மாவட்டத்துக்குள் நுழைகிறது. பிற்காப்போ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக நடப்பது. வளர்ந்தது ஒரு மாவட்டம், வேலை செய்வது இன்னொன்று என்ற நிலையில் கோப்பு இரண்டு மேசைகளுக்கு நடுவில் படுத்துவிடக் கூடாது. பிள்ளை எங்கே போனாலும் உதவி பின்தொடரும் என்று தெளிவான ஓர் ஆணை போதும்.

காகிதங்களின் கதை தனி. ஆதார் பெரும்பாலும் இல்லத்திலேயே எடுத்துவிடுகிறார்கள். அங்கீகாரம் பெற்ற இல்லத்தின் கண்காணிப்பாளர் தரும் சான்று அதற்குப் போதும். பிறப்புச் சான்று இல்லாத அநாதைப் பிள்ளைக்கு இல்லத் தலைவரின் உறுதிமொழியையே பிறந்த தேதிக்கு ஆதாரமாக ஏற்கலாம் என்று 2016 டிசம்பரில் பாஸ்போர்ட் விதி தளர்ந்தது. ஆனால் ஆதாரில் இருப்பது ஹோமின் முகவரி. பதினெட்டுக்குப் பிறகு அங்கே அவர் குடியிருக்க முடியாது. புதிய முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும், வாடகை வீட்டுக்கு முகவரிச் சான்று கேட்பார்கள். கேஸ் இணைப்பிலும் இதே சுற்று. முகவரிச் சான்று இல்லாமல், அடையாள அட்டை மட்டும் காட்டி 5 கிலோ சிலிண்டர் வாங்கலாம் என்பது தெரிந்தால் முதல் மாதம் ஓட்டல் சாப்பாட்டில் சம்பளம் கரையாது. இத்தகைய சின்னச் சின்னச் செய்திகளைச் சொல்லிக் கொடுக்கத்தான் வீட்டில் ஓர் அண்ணனோ அக்காவோ தேவைப்படுகிறார்கள்.

சாதிச் சான்று இன்னொரு முட்டுக்கட்டை. பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ கவனிக்க ஆளில்லாமல், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இல்லத்திலோ பள்ளியிலோ சேர்ந்த பிள்ளைகளைத் தமிழ்நாடு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. பல மாநிலங்கள் யோசிக்காததை இங்கே யோசித்திருக்கிறார்கள், பாராட்ட வேண்டும். ஆனால் பதினொரு வயதில் இழந்தவர்? தகப்பன் எங்கே போனான் என்றே தெரியாதவர் இறப்புச் சான்றுக்கு எங்கே போவார்? மகாராஷ்டிரம் 2018-இல் அநாதைகளுக்குக் கல்வியிலும் அரசு வேலையிலும் ஒரு சதவீதம் தனியாக ஒதுக்கியது. தமிழ்நாடு தன் பத்து வயது வரம்பை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டிய நேரம் இது.

கல்விக் கடனுக்குப் போனாலும் இதே கதை. நான்கு லட்சம் ரூபாய் வரை பிணைச் சொத்து தேவையில்லை என்பது வங்கிகளின் பொது நடைமுறை. ஆனால் பெற்றோர் அல்லது காப்பாளர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். சொத்து இல்லாததைச் சட்டம் மன்னிக்கிறது, ஆள் இல்லாததை மன்னிப்பதில்லை. இல்லத்தின் நிர்வாகி எத்தனை பிள்ளைகளுக்குத்தான் கையெழுத்துப் போடுவார்?

இதற்கு விடை தமிழ்நாட்டு அனுபவத்திலேயே இருக்கிறது. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கியபோது, நிலமோ நகையோ இல்லாத பெண்களுக்கு வங்கி ஏன் கடன் தந்தது? குழுவில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றார்கள். சேமிப்புப் பழக்கமும் கணக்கு நோட்டும் ஜாமீனாக நின்றன. ஹோமை விட்டு வந்த பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்து, மாதம் நூறு இருநூறு சேமிக்க வைத்து, அந்தக் குழுவுக்கு அரசு ஒரு சுழல்நிதி கொடுத்தால் அட்வான்ஸ் பணத்துக்கும் அவசர மருத்துவச் செலவுக்கும் கந்துவட்டிக்காரரிடமோ கைபேசிக் கடன் செயலியிடமோ போக வேண்டிய அவசியம் குறையும். மூத்தவர்கள் இளையவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பார்கள். இன்று வாட்ஸாப்பில் தாமாகவே ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டிருக்கும் இந்தப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்க வேண்டியது ஒரு வங்கிக் கணக்கும் கொஞ்சம் முதலும்தான்.

வாழ்க்கைத் திறன் பயிற்சி என்ற பெயரில் நடப்பவற்றில் பெரும்பகுதி ஒருநாள் வகுப்பு. ஒரு பேனர், ஒரு பேச்சாளர், தேநீர், குழுப் புகைப்படம். பட்ஜெட் போடுவது எப்படி என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினால் பணத்தைக் கையாளும் பழக்கம் வருவதில்லை. பெரிய ஹோம்களில் நூறு பேருக்கு ஒரே அடுப்பில் சமையல் ஆகும். அதில் வளர்ந்தவருக்கு ஒருவருக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்பது தெரியாது. சோப்பு ஸ்டோர் ரூமிலிருந்து வரும். அதன் விலை தெரியாது. மணி அடித்தால் எழுவார்கள்; தானாக எழுந்து ஆறு மணி ஷிஃப்டுக்குப் போகும் பழக்கம் இராது. இது பிள்ளைகளின் குற்றம் அல்ல, நிறுவன வாழ்க்கையின் அமைப்பு.

எனவே பயிற்சி பதினான்கு வயதிலேயே தொடங்க வேண்டும், கையில் உண்மையான காசோடு. பத்து வயது நிரம்பிய பிள்ளை தானே இயக்கும் சேமிப்புக் கணக்கைத் தொடங்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-இலேயே சொன்னது. 2025-இல் அந்த விதியைப் புதுப்பித்தும் வெளியிட்டது. சோப்பு, எண்ணெய், பேனா, முடிவெட்டு ஆகியவற்றுக்கான தொகையை மாதம் ஒருமுறை அந்தக் கணக்கில் போட்டுவிட்டு, 'இனி நீயே வாங்கிக்கொள்' என்று விட்டுவிட வேண்டும். முதல் மாதம் பத்தாம் தேதிக்குள் காசு தீர்ந்துபோகும். தீரட்டும். பதினைந்து வயதில், சாப்பாட்டுக்குக் கவலை இல்லாத இடத்தில் இருந்துகொண்டு அந்தத் தவறைச் செய்வது நல்லது. வாரம் ஒருநாள் நான்கு பேருக்கு மட்டும் சமைக்கச் சொல்லலாம். ஒரு சம்பளச் சீட்டை முன்னால் வைத்து வருங்கால வைப்புநிதிக்கு ஏன் 12 சதவீதம் பிடிக்கிறார்கள், 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. அட்டை எப்படி அயனாவரம் மருத்துவமனைக் கதவைத் திறக்கும் என்று காட்டலாம். ஓ.டி.பி. கேட்டு வரும் அழைப்பை நடித்துக் காட்டலாம்.

அமெரிக்காவில் ஜிம் கேசி அமைப்பு 2001-இலிருந்து நடத்திவரும் திட்டம் ஏறக்குறைய இதே தர்க்கத்தில் ஓடுகிறது. வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் இளைஞர் நிதிப் பயிற்சி பெறுகிறார், கணக்கில் சேமிக்கிறார். அந்தப் பணத்தில் வாடகை முன்பணம் கொடுக்கும்போதோ வண்டி வாங்கும்போதோ அவர் போட்ட அளவுக்கு அமைப்பும் ஈட்டுப்பணம் சேர்க்கிறது. வகுப்பு, கணக்கு, காசு மூன்றும் ஒன்றாக வருகின்றன.

காகிதத்தில் இதற்கும் இடம் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் இல்லம் தயாரிக்க வேண்டிய தனிநபர் பராமரிப்புத் திட்டப் படிவத்தில் தனித்து வாழும் திறனுக்கென்று ஒரு வரிசையே ஒதுக்கப்பட்டிருக்கிறது. வெளியேறுவதற்கு இரண்டு மாதம் முன்பே பிற்காப்புத் திட்டத்தை எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும் என்றும் விதி உண்டு. தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் நடந்த சுரண்டல் பற்றிய வழக்கில் 2017 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்தத் தனிநபர் திட்டங்களை வலியுறுத்தியது. அந்த வழக்கு தொடங்கியதே மாமல்லபுரம் பக்கத்து இல்லங்களைப் பற்றிய செய்தியால்தான். ஒரே வாசகத்தை ஐம்பது படிவங்களில் நகலெடுத்து நிரப்பினால் நீதிமன்றம் சொன்னது நிறைவேறியதாகாது.

வயது வரம்பைப் பற்றி வெளிநாட்டு ஆய்வுகள் தெளிவாகவே பேசுகின்றன. அமெரிக்காவின் இல்லினாய், அயோவா, விஸ்கான்சின் மாநிலங்களில் வளர்ப்புப் பராமரிப்பிலிருந்து வெளியேறவிருந்த 732 பேரை 2002 முதல் 26 வயதுவரை பின்தொடர்ந்தது மார்க் கோர்ட்னி குழு. இல்லினாய் 21 வயதுவரை தங்க அனுமதித்தது, மற்ற இரண்டும் பதினெட்டோடு கதவைச் சாத்தின. 21 வரை இருந்தவர்களே கல்லூரிப் பக்கம் அதிகமாகப் போனார்கள். 2008-இல் அந்த நாடு 21 வரை நீட்டிக்க மாநிலங்களுக்கு நிதி தரும் சட்டம் கொண்டுவந்ததில் இந்த ஆய்வுக்குப் பங்குண்டு. இங்கிலாந்தில் 25 வயதுவரை தனி ஆலோசகர் உண்டு. கல்லூரி விடுதி மூடும் விடுமுறை நாட்களில் தங்க இடம் தருவதும் அங்கே உள்ளாட்சியின் கடமை. பொங்கல், தீபாவளிக்கு விடுதி காலியாகும்போது நம் பிள்ளைகள் நண்பன் வீட்டு வாசலில் தயங்கி நிற்பதை அறிந்தவர்களுக்கு அந்தக் கடமையின் அருமை புரியும். வேல்ஸ் நாடு 2022-இல் இன்னும் துணிந்தது. பராமரிப்பை விட்டு வந்த அறுநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் மாதம் 1,600 பவுண்டு, வரி பிடித்தது போக 1,280, எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்துப் பார்த்தது.

'அவர்கள் பணக்கார நாடுகள்' என்று ஒதுக்கிவிட முடியாதபடி இமாச்சலப் பிரதேசம் ஒரு காரியம் செய்திருக்கிறது. 2023-இல் சுக் ஆஷ்ரய் என்ற சட்டத்தை இயற்றி, ஆதரவற்ற பிள்ளைகளை 'மாநிலத்தின் பிள்ளைகள்' என்று அறிவித்தது. 27 வயதுவரை பொறுப்பு, மாதம் 4,000 ரூபாய் கைச்செலவு, தொழில் தொடங்கவும் வீடு கட்டவும் தனித்தனி உதவி. இமாச்சலம் நம்மைவிட வசதியான மாநிலம் அல்ல. திட்டங்களை முதலில் தொடங்கி மற்றவர்களுக்குக் காட்டுவதில் பெருமைப்படும் தமிழ்நாடு இந்த விஷயத்தில் சிம்லாவைப் பார்த்துக் கற்க வேண்டியிருக்கிறது.

முதல் வேலை கணக்கெடுப்பு. டெல்லியின் உதயன் கேர் அமைப்பு 2019-இல் வெளியிட்ட ஆய்வுக்காக ஐந்து மாநிலங்களில் இல்லத்தை விட்டு வந்த 435 பேரைச் சந்தித்தது. தங்குமிடம், கல்வி, உடல்நலம், மனநலம், நிதி, உறவுகள், அடையாள ஆவணங்கள் உட்பட வாழ்க்கையை எட்டுக் கூறுகளாகப் பிரித்துப் பார்த்த அந்த ஆய்வில் டெல்லி, குஜராத், கர்நாடகம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் இருந்தன, தமிழ்நாடு இல்லை. இங்கிலாந்தில் பராமரிப்பை விட்டவர்கள் எங்கே தங்கியிருக்கிறார்கள், படிக்கிறார்களா, வேலை பார்க்கிறார்களா என்ற விவரம் ஒவ்வோர் ஆண்டும் உள்ளாட்சி வாரியாக அச்சாகிறது. நம் குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை இந்த ஆண்டு பதினெட்டை முடித்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் பிற்காப்பு பெற்றவர்கள் எத்தனை பேர், மூன்று வருடம் கழித்து அவர்கள் எங்கே என்ற மூன்று எண்களை மாவட்டவாரியாகக் கொள்கை விளக்கக் குறிப்பில் அச்சிட வேண்டும். அந்த எண்கள் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டால் கேள்வி கேட்க ஆள் வருவார்கள், கேள்வி வந்தால் பணமும் வரும்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாத வேலையும் ஒன்று உண்டு. பிற்காப்புக்கு உதவ முன்வரும் தனிநபர்கள், அமைப்புகள், தொழில் நிறுவனங்களின் பட்டியலை ஒவ்வொரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அம்பத்தூரில் பட்டறை வைத்திருப்பவர் பயிற்சிக்கு ஒருவரை எடுக்கலாம். ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கி இரண்டு பிள்ளைகளின் கணக்கைப் பார்த்துச் சொல்லலாம். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இருப்பவர்கள் திருவள்ளூர் அலகிலும், அம்பத்தூர்க்காரர்கள் சென்னை அலகிலும் தங்கள் பெயரைக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு, அந்தப் பட்டியலிலிருந்து எத்தனை பேரை அலகு கூப்பிட்டது என்று ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்கவும் வேண்டும்.